உயிர்காப்போருக்கான மறுசான்றிதழ்: கல்வியா, கழித்துக்கட்டும் கருவியா?

அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் பணியாற்றும் அவசரகால மருத்துவ உதவியாளரும் பாராமெடிக்கும் ஒருமுறை தேர்வில் தேறிவிட்டால் அதுவே வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்று இருந்துவிட முடியாது. ஈராண்டுகளுக்கு ஒருமுறை தம் சான்றிதழை அவர்கள் புதுப்பிக்க வேண்டும். அதற்காகக் குறிப்பிட்ட மணிநேரம் தொடர்கல்வி பயில வேண்டும். அல்லது மீண்டும் தேர்வெழுத வேண்டும். நோயாளியின் உயிர் இவர்கள் கையில் இருப்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதே.

ஆயினும் இதே துறையின் வரலாற்றில் தேர்வு என்ற பெயரால் நிகழ்ந்த ஓர் அநீதியும் உண்டு. அமெரிக்காவின் முதல் பாராமெடிக் சேவைகளுள் ஒன்றை உருவாக்கியவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின உழைப்பாளிகள். நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டம் அவர்களுடைய களத்தில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே காலத்தில், புதிய தேர்வுகளாலும் விதிகளாலும் அவர்கள் தம் நகரின் ஆம்புலன்ஸ் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ‘தகுதி, திறமை’ என்ற சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. தொடர்கல்வியும் மறுசான்றிதழும் எப்போது நோயாளியைக் காக்கின்றன, எப்போது உழைப்பவரைக் கழித்துக்கட்டுகின்றன என்பதைப் பிரித்தறிய அது உதவும்.

ஈராண்டுச் சுழற்சி

அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பணிக்கான உரிமத்தை வழங்குபவை மாநில அரசுகள். ஆனால், 1970இல் தொடங்கப்பட்ட அவசரகால மருத்துவ உதவியாளர்களின் தேசியப் பதிவகம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் தேர்வையே பெரும்பாலான மாநிலங்கள் தொடக்கத் தகுதியாக ஏற்கின்றன. சான்றிதழில் பல நிலைகள் உள்ளன. அடிப்படை நிலையில் இருப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர்: இரத்தப்போக்கை நிறுத்துதல், மூச்சுக்கு வழி செய்தல், மார்பு அழுத்தம் தருதல், நோயாளியைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லுதல் ஆகியவை அவருடைய பணிகள். பாராமெடிக் அதற்கு மேல்நிலையில் இருப்பவர். இதய மின்வரைபடத்தைப் படிப்பார், நரம்பு வழியாக மருந்து செலுத்துவார், தேவைப்பட்டால் மூச்சுக்குழலுக்குள் குழாய் பொருத்துவார்.

தேசியப் பதிவகத்தின் கணக்குப்படி, ஈராண்டுகளுக்குள் அவசரகால மருத்துவ உதவியாளர் 40 மணிநேரமும், இடைநிலைச் சான்றிதழ் பெற்றவர் 50 மணிநேரமும், பாராமெடிக் 60 மணிநேரமும் தொடர்கல்வி பயில வேண்டும். இந்த நேரம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சரிபாதி, நாடு முழுவதும் பொதுவான பாடங்களுக்கு உரியது: மூச்சு, இதயம், விபத்துக் காயம், பொது மருத்துவம், களப்பணி நடைமுறை என்பன அவை. கால்பகுதி, அந்தந்த மாநிலமோ வட்டாரமோ தீர்மானிக்கும் பாடங்களுக்கு உரியது. எஞ்சிய கால்பகுதியை ஊழியர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். இத்தனை மணிநேரம் வகுப்பில் அமர விரும்பாதவர் மீண்டும் தேர்வெழுதியும் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்கும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. சில மாநிலங்கள் தேசியச் சான்றிதழைத் தொடர்ந்து வைத்திருக்கக் கோருகின்றன. சில தமக்கென்று தனிக் கணக்கை வைத்துள்ளன.

ஏன் மீண்டும் மீண்டும் கற்க வேண்டும்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பழகாத கைக்குத் திறன் மங்கிவிடுகிறது. மார்பு அழுத்தத்தைச் சரியான ஆழத்திலும் வேகத்திலும் தரும் திறன், பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே குறையத் தொடங்குகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழலில் குழாய் பொருத்தும் நிலை, ஒரு பாராமெடிக்கின் பணிவாழ்வில் அரிதாகவே நேரும். ஆண்டுக்கணக்கில் செய்யாத ஒன்றை நள்ளிரவில் ஓடும் வண்டியில் பிழையின்றிச் செய்ய வேண்டுமெனில், இடையிடையே பழகிப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவமே மாறிக்கொண்டிருக்கிறது. இதயம் நின்றவருக்கு 15 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்றிருந்த கணக்கு, 2005இல் 30க்கு 2 என்று மாற்றப்பட்டது. முதலில் மூச்சுவழி, பிறகு மூச்சு, அதன்பின் இரத்த ஓட்டம் என்றிருந்த வரிசை 2010இல் மாறி, மார்பு அழுத்தம் முதலிடம் பெற்றது. கை, கால்களில் பெருகும் குருதியை நிறுத்த இறுக்குக் கட்டுப் போடுவது ஒருகாலத்தில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யப்பட்டது; இன்று கடும் இரத்தப்போக்குக்கு அதுவே முதன்மை வழிகளுள் ஒன்று. மாரடைப்பு வந்த அனைவருக்கும் ஆக்சிஜன் தரவேண்டும் என்ற பழைய பாடமும் மாறிவிட்டது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் மட்டுமே அது தேவை. 2004இல் படித்ததோடு நின்றுவிட்ட ஓர் ஊழியர், இன்று நல்லெண்ணத்துடனேயே நோயாளிக்குத் தீங்கு செய்துவிடக்கூடும்.

எனவே தொடர்கல்வி நோயாளியின் உரிமை. ஆம்புலன்ஸை அதிகம் நம்பியிருப்பவர்கள் ஏழைகள். சொந்த வாகனமும் குடும்ப மருத்துவரும் இல்லாத குடும்பத்துக்கு, வாசலுக்கு வரும் அந்த வண்டியே முதல் மருத்துவமனை. அதில் வருபவரின் அறிவு பழையதாக இருந்தால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாடத்தில் என்ன இருக்கிறது?

மணிநேரத்தை எண்ணுவதோடு இவ்விவாதம் முடிந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில் எது கற்பிக்கப்படுகிறது என்பதும் சமூகநீதி சார்ந்த வினாவே.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். அது ஒளியைத் தோலினூடே செலுத்தி அளக்கும் கருவி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி போதிய அளவைக் காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இச்செய்தி பாடத்தில் சேர்ந்தால், கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் நோயாளியின் மூச்சையும் முகத்தையும் ஊழியர் கவனிப்பார். சேராவிட்டால், எண் சரியாக இருக்கிறது என்று சொல்லி, மூச்சுத் திணறும் ஒருவரை வீட்டிலேயே விட்டுவரக்கூடும். ஒரிகன் மாநில ஆம்புலன்ஸ் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, காயமுற்ற கறுப்பின நோயாளிகளுக்கு வலிநிவாரணி தரப்படும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிடக் குறைவு என்று காட்டியது. வலியைக்கூட நிறம் பார்த்து நம்பும் மனநிலையை எந்தத் தேர்வு சோதிக்கிறது?

பாடமே பிழையைச் சுமந்துவந்த நிகழ்வும் உண்டு. கொலராடோ மாநிலம் அரோரா நகரில் 2019 ஆகஸ்டில் எலைஜா மெக்லெயின் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவல்துறையினர் தெருவில் மடக்கிக் கழுத்தை இறுக்கிப் பிடித்தனர். பின்னர் வந்த பாராமெடிக்குகள், ‘கிளர்ச்சி மயக்கநிலை’ என்று முடிவுகட்டி, அவருடைய உடல் எடைக்கு மிகுதியான அளவு கெட்டமைன் மருந்தைச் செலுத்தினர். சில நாட்களில் அவர் இறந்தார். 2023 டிசம்பரில் பாராமெடிக்குகள் இருவரையும் நடுவர் குழு குற்றவாளிகள் என்று அறிவித்தது. ‘கிளர்ச்சி மயக்கநிலை’ என்ற அந்தக் கருத்து எங்கிருந்தோ வந்ததன்று. பயிற்சி வகுப்புகளில் பாடமாகச் சொல்லப்பட்டது. அதை ஆதரித்து 2009இல் அறிக்கை வெளியிட்ட அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி, 2023 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றது. காவலர்களின் பிடியில் இறந்த கறுப்பினத்தவரின் மரணத்துக்கு மருத்துவப் பெயர் சூட்ட உதவிய ஒரு கருத்து, இத்தனை ஆண்டுகள் கல்வியாகவே உலவியது.

ஃப்ரீடம் ஹவுஸ்: கல்வியால் எழுந்த ஒரு படை

பாடத்தை யார் எழுதுகிறார், அதைக் கொண்டு யாரை அளக்கிறார் என்ற வினாவுக்கு விடை தேடுவோர் 1960களின் பிட்ஸ்பர்க்குக்குச் செல்ல வேண்டும். அன்று அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் வெறும் வண்டி. 1966இல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்துவதாகக் குறிப்பிட்டது. படுத்த நிலையில் ஓர் உடலைக் கொண்டுசெல்லும் வண்டி அவர்களிடம் இருந்தது என்பதே காரணம். பிட்ஸ்பர்க்கில் இப்பணியைக் காவல்துறை செய்துவந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் மாவட்டத்தில், கைதிகளை ஏற்றும் அதே வண்டியில் நோயாளியையும் ஏற்றிச் சென்றனர். அழைத்தால் வருவார்களா என்பதே ஐயம். வந்தாலும் மருத்துவம் இல்லை. 1966 நவம்பரில் அந்நகரின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் பொதுக்கூட்டத்தில் மயங்கி விழுந்தபோது, அவரையும் காவல்துறை வண்டியில்தான் ஏற்றினர். அவருடைய நினைவு மீளவே இல்லை.

செயற்கை மூச்சு முறையை உலகுக்கு நிறுவிக் காட்டியவர்களுள் முதன்மையானவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் அப்போது பிட்ஸ்பர்க்கில் பணியாற்றினார். அதே 1966இல் தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர் அவர். மருத்துவமனைக்கு வெளியிலேயே சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்பது அவருடைய உறுதி. அறக்கட்டளை ஒன்றை நிர்வகித்துவந்த ஃபில் ஹாலன், கறுப்பினத்தவருக்கு வேலைவாய்ப்பு உருவாக்கிவந்த ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ அமைப்பின் ஜேம்ஸ் மெக்காய் ஆகியோருடன் இணைந்து, 1967இல் அவர் பயிற்சியைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் ஹில் மாவட்டத்து இளைஞர்கள். வேலையற்றோர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியோர், உயர்நிலைப் பள்ளியை முடிக்காதோர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். ‘வேலைக்கு உதவாதவர்கள்’ என்று நகரம் ஒதுக்கியவர்கள் அவர்கள்.

அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி ஏறத்தாழ 300 மணிநேரம். உடற்கூறு, உடலியக்கம், உயிர்மீட்பு, செவிலியம், வண்டியோட்டம் என அன்று நாட்டில் எங்கும் இல்லாத அளவுக்கு அது விரிந்திருந்தது. பள்ளியை முடிக்காதவர்கள் பள்ளிச் சான்றிதழுக்கும் கூடவே படித்தனர். 1968இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்குச் சென்று, 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை மருத்துவமனை சேர்த்தனர்.

அவர்களுடைய பணியின் தரம் அளக்கவும் பட்டது. 1972இல் நடந்த ஓர் ஆய்வு, நகரத்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தோருக்கு ஃப்ரீடம் ஹவுஸ் ஊழியர்கள் 89 விழுக்காடு சரியான சிகிச்சை அளித்திருந்தனர். காவல்துறைக்கு அந்த அளவு 38 விழுக்காடு. பிற ஆம்புலன்ஸ் சேவைகளுக்கு 13 விழுக்காடு. நோயாளியின் உடல்மேல் எழுதப்பட்ட தேர்வு இது. இதில் முதலிடம் பெற்றவர்கள், தகுதியற்றோர் என்று சொல்லப்பட்டவர்களே.

1974இல் மருத்துவர் நான்சி கரோலின் அச்சேவையின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்றார். இன்று தொடர்கல்வி என்று நாம் சொல்வதன் சிறந்த வடிவத்தை அங்கே காண்கிறோம். அவர் ஊழியர்களுடன் வண்டியிலேயே சென்றார், நிலையத்திலேயே தங்கினார், ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் எது சரி, எது பிழை என்று அவர்களுடன் அமர்ந்து ஆராய்ந்தார். மேல்நிலைத் திறன்கள் பணியினூடே கற்பிக்கப்பட்டன. பிழை கண்டால் ஆளை நீக்காமல், மீண்டும் கற்பிப்பதே வழக்கமாயிற்று. ஒன்றிய அரசு பாராமெடிக்குகளுக்கான நாடுதழுவிய பாடத்திட்டத்தை உருவாக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தபோது, அதைச் சோதிக்கும் களமாக ஃப்ரீடம் ஹவுஸ் அமைந்தது.

1975: தேர்வு வேலியாகிறது

சேவை சிறந்தபோது நகர நிர்வாகத்துக்கு அதைத் தானே நடத்தும் ஆவல் வந்தது. மேயர் பீட் ஃப்ளாஹர்ட்டியின் நிர்வாகம் ஃப்ரீடம் ஹவுஸுடனான ஒப்பந்தத்தை முடித்து, நகரத்துக்கென்று சொந்த ஆம்புலன்ஸ் பிரிவைத் தொடங்கியது. 1975 அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் கரோலின் புதிய பிரிவின் மருத்துவ இயக்குநரானார். வாக்குறுதி காகிதத்தில் இருந்தது. கதவு வேறு வழியில் மூடப்பட்டது.

குற்றப் பதிவு இருந்தவர்களை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு விதி வந்தது. காவல்துறையின் கண் எப்போதும் தம்மீதே இருக்கும் பகுதியில் பிறந்தவர்களுக்கு இவ்விதி யாரைக் குறிவைக்கிறது என்பது விளங்காமலில்லை. தேறினால் வேலை, தவறினால் வெளியே என்ற முறையில் தேர்வுகள் நடத்தப்பட்டன. தங்களுக்கு அதுவரை கற்பிக்கப்படாதவையும் அவற்றில் கேட்கப்பட்டன என்பது அவர்களுடைய குறை. ஒன்றாகப் பணியாற்றிய குழுக்கள் பிரிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் உயிர்காத்த அனுபவமுள்ளவர்கள், அனுபவம் குறைந்த வெள்ளையின ஊழியர்களின்கீழ் வைக்கப்பட்டனர். பலர் நோயாளியைத் தொடவிடாமல் வண்டியோட்டவும் பெட்டி சுமக்கவும் பணிக்கப்பட்டனர்.

விளைவை எண்கள் சொல்கின்றன. நகரப் பிரிவில் சேர்ந்த ஃப்ரீடம் ஹவுஸ் ஊழியர்கள் 26 பேர். ஓராண்டுக்குப்பின் எஞ்சியவர்கள் அதில் பாதி. 1970களின் இறுதியில் இருந்தவர்கள் ஐவர் மட்டுமே. 1990களின் இறுதியில் பிட்ஸ்பர்க் பாராமெடிக்குகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் வெள்ளையினத்தவர். எஞ்சியவர்களுள் ஒருவரான ஜான் மூன் பல்லாண்டுப் போராட்டத்துக்குப்பின் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். அவர் பணியில் சேரத் தூண்டிய கறுப்பினப் பெண்ணான அமெரா கில்கிறிஸ்ட் பின்னாளில் அப்பிரிவின் தலைவரானார்.

இங்கே இரண்டு முறைகளும் ஒரே ஊழியர்கள் மேல், அடுத்தடுத்த ஆண்டுகளில் செயல்பட்டதைக் காண்கிறோம். 1974இல் அவர்களுடைய குறைகளைக் கண்டறிந்தது கற்பிப்பதற்காக. 1975க்குப்பின் அதே குறைகளைத் தேடியது நீக்குவதற்காக. ஆட்களும் பணியும் மாறவில்லை. தேர்வை வைத்திருந்த கை மாறியது.

தேர்வுக்கும் பணிக்கும் என்ன தொடர்பு?

தேர்வு என்றாலே நடுநிலை என்று கொள்ளும் மயக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமே உடைத்திருக்கிறது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், கறுப்பினத்தவரை மிகத் தாழ்ந்த கூலியுள்ள ஒரே பிரிவில் மட்டும் வைத்திருந்தது. வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், பிற பிரிவுகளில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு பொதுத் திறன் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று நிறுவனம் புதிய விதி செய்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையின ஊழியர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துவந்தனர். வில்லி கிரிக்ஸ் முதலான கறுப்பின ஊழியர்கள் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: ஒரு தேர்வு நடைமுறையில் ஓர் இனத்தாரை வெளியேற்றுகிறது எனில், அது அந்தப் பணியைச் செய்யும் திறனோடு தொடர்புடையது என்று வேலையளிப்பவரே நிறுவவேண்டும், உள்நோக்கம் இல்லை என்று சொல்வது போதாது.

1972இல் அந்தச் சட்டம் அரசு, நகர நிர்வாகப் பணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதாவது, பிட்ஸ்பர்க்கில் அத்தேர்வுகள் நடந்த காலத்தில் இந்நெறி நாட்டின் சட்டமாக இருந்தது. உரிமை ஏட்டில் இருப்பது வேறு, ஊழியர் கைக்கு அது எட்டுவது வேறு என்பதை நாம் அறிவோம்.

செலவு யாருடையது?

வேலி எப்போதும் வினாத்தாளாகவே வருவதில்லை. நேரமாகவும் பணமாகவும் வரும். 60 மணிநேரத் தொடர்கல்வியை வேலைநேரத்தில் சம்பளத்துடன் நிறுவனமே அளித்தால், அது கல்வி. அதையே ஊழியர் இரவுப் பணி முடிந்தபின், தம் பணத்தில், விடுமுறை நாளில் முடிக்கவேண்டும் எனில், அது வரி. இரண்டு வேலை பார்ப்பவரும், கைக்குழந்தை உள்ள தாயும், கூலியில் குடும்பம் நடத்துபவரும் அந்த வரியைக் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். கால எல்லை தவறினால் சான்றிதழ் காலாவதியாகும். சான்றிதழ் போனால் வேலை போகும். அவரை யாரும் நீக்கவில்லை என்று பதிவேடு சொல்லும்.

அமெரிக்க ஒன்றியத் தொழிலாளர் விதிகளில் இதற்கொரு சான்று உண்டு. சட்டப்படி கட்டாயமான சான்றிதழுக்காகப் பொதுத்துறை ஊழியர்கள் பணிநேரத்துக்கு வெளியே பெறும் பயிற்சி, சம்பளத்துக்குரிய நேரமாகாது என்று அவ்விதி கூறுகிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அது சுட்டுவது அவசரகால மீட்பு ஊழியர்களின் சான்றிதழைத்தான். பயிற்சி கட்டாயம், கூலி கட்டாயமில்லை. நல்ல தொழிற்சங்கமும் நல்ல நிர்வாகமும் உள்ள இடங்களில் இந்தச் செலவை நிறுவனமே ஏற்கிறது. இல்லாத இடங்களில் அது ஊழியரின் தலையில் விழுகிறது.

நமக்கான பாடம்

கறுப்பின விடுதலைப் போராட்டத்தோடு தலித் இயக்கத்துக்கு உள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே கறுப்பினச் சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. ஃப்ரீடம் ஹவுஸ் வரலாற்றை வாசிக்கும்போது நமக்கு நினைவுக்கு வருவது, அரசமைப்புச் சட்டத்தின் 335ஆம் உறுப்பைச் சுற்றி நடந்த நெடிய வழக்காடல். ‘நிர்வாகத் திறன்’ என்ற அதன் சொற்களே பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களின் பதவி உயர்வுக்கு எதிராகப் பலமுறை ஏவப்பட்டன. தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்தலாம் என்ற விளக்கத்தைச் சேர்க்க 2000இல் 82ஆம் திருத்தம் தேவைப்பட்டது. தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது. அனைவரையும் உள்ளடக்கும் நிர்வாகமே திறனுள்ள நிர்வாகம் என்ற கருத்தை, 2019இல் கர்நாடக ஊழியர்கள் தொடர்பான பவித்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

நம் ஆம்புலன்ஸ் துறையும் இப்போது இதே சந்திப்பில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் முதல் அரசு நிதியில், தனியார் நிர்வாகத்தின்கீழ் இயங்குகிறது. அரசுப் பணி வெளி நிர்வாகத்துக்குப் போகும்போது, அரசுப் பணிக்குரிய இடஒதுக்கீடு அங்கே தானாகப் பொருந்துவதில்லை. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம், அவசரகால மருத்துவ நுட்பவியலாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்து, ஒன்றிய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழிசெய்கிறது. பதிவேடு வரும் இடத்தில் தகுதிவரையறை வரும். அதன் பின்னே புதுப்பித்தலும் தொடர்கல்வியும் வரும். அவை வரவேண்டும். ஆனால் அவை எவ்வாறு வரும் என்பதில் நமக்குக் குரல் வேண்டும்.

எனவே எந்த மறுசான்றிதழ் விதியைக் கண்டாலும் மாணவர்களும் இயக்கத்தோழர்களும் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள்ளன. பாடக்குழுவில் களப்பணியாளரும், அந்தச் சேவையை அதிகம் நம்பியிருக்கும் மக்களின் பிரதிநிதியும் இருக்கிறார்களா? தேர்வு தாய்மொழியில் நடக்கிறதா. கையால் செய்யும் பணியைக் கையால் செய்யவைத்துச் சோதிக்கிறதா? ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் அனுபவத்துக்கு மதிப்பு உண்டா. அவர்கள் புதிய பாடத்தைக் கற்க, தேர்வுக்கு முன் சம்பளத்துடன் காலம் தரப்படுகிறதா? தவறியவருக்கு மறுபயிற்சி உண்டா, வெளியேற்றம் மட்டும்தானா? தேறியோர், தவறியோர் கணக்கு சாதிவாரியாகவும் பாலினவாரியாகவும் வெளியிடப்படுகிறதா? கடைசி வினா மிக முதன்மையானது. 26 பேரில் ஐவரே எஞ்சினர் என்பதை யாரோ எண்ணிவைத்ததால்தான் பிட்ஸ்பர்க்கில் நடந்ததை இன்று நாம் பேசுகிறோம்.

ஹில் மாவட்டத்து இளைஞர்கள் தேர்வே வேண்டாம் என்று கேட்டவர்கள் அல்லர். 300 மணிநேரம் படித்தார்கள், படித்ததை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் மெய்ப்பித்தார்கள், மேலும் கற்றார்கள். ஆம்புலன்ஸ் ஊழியருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை கல்வி வேண்டும் என்று நோயாளியின் பெயரால் கோருவோம். அந்தக் கல்விக்கான நேரத்தையும் கூலியையும் நிறுவனமே தரவேண்டும் என்று ஊழியரின் பெயரால் கோருவோம். ஒரே கோரிக்கையின் இரு பாதிகள் இவை. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பேசும் எந்த விதியும் நம் ஆதரவுக்கு உரியதன்று.